கடைக்காரர் கேட்கும் கொண்டை

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் காலை வேளையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் வந்துவிடும். அதில் ஏறும் பெண்கள் எண்ணெய் தடவி ஒற்றைப் பின்னல் போட்டிருப்பார்கள். ஒன்பது மணிக்கு வருகிறவர்கள் வேறு ரகம். பாகலூர் ரோட்டு ஜவுளிக் கடை, நகைக் கடை, செல்போன் கடைகளுக்குப் போகிறவர்கள். சிலர் எல்லை தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரம் வரை போவார்கள். இவர்கள் தலை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். நெற்றித் தோலே மேலே ஏறும்படி வழித்து இழுத்த கொண்டை, அதன் மேல் கறுப்பு வலை.

"வேலைக்குப் போகிற இடத்தில் அடக்கமாகத் தலை வாரிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஒன்றும் குறையாதுதான். கம்பெனியிலும் தலைக்குத் தொப்பி போடச் சொல்கிறார்களே! ஓடுகிற மிஷினில் முடி சிக்கினால் தலைத்தோலையே பிய்த்துவிடும். செல்போன் பாகங்கள் கோக்கிற இடத்தில் ஒரு துளி பொடுகு உதிர்ந்தாலும் சாமான் பாழ். காரணம் கேட்டால் சொல்வார்கள். ஆணோ பெண்ணோ எல்லோருக்கும் அதே தொப்பி.

கடைக் கொண்டைக்குக் காரணம் கேட்டுப் பாருங்கள். "பார்க்க லட்சணமா இருக்கணும்மா" என்பதோடு முடிந்துவிடும். யார் பார்வைக்கு லட்சணம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சுருட்டை முடி என்றால் நீட்டிக்கொண்டு வா என்கிறார்கள். பூ வைக்கக் கூடாது என்கிறார்கள். சுற்றுவட்டாரமெல்லாம் ரோஜாத் தோட்டம், ராயக்கோட்டைப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாகப் பூ போகிறது. இந்த ஊர்ப் பெண் ஒரு முழம் பூ வைத்தால் கடைக்கு ஆகவில்லையாம்!

எங்கள் தெருவில் ஒரு பெண். இருபத்தாறு வயது இருக்கும், பெயர் வேண்டாம். ஒரு ரெடிமேட் கடையில் இரண்டு வருஷமாக நின்றாள். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் சரளமாகப் பேசுவாள். யார் வந்தாலும் துணி விற்காமல் அனுப்ப மாட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது திருப்பதிக்கு முடி தருவதாக வேண்டிக்கொண்டாள். பிழைத்தது. போய் மொட்டை போட்டுக்கொண்டு, மூன்றாம் நாள் தலையில் முக்காடிட்டு வேலைக்குப் போனாள். சூப்பர்வைசர் வாசலிலேயே நிறுத்தி, "முடி வளந்தப்புறம் வாம்மா" என்றிருக்கிறார்.

முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளர்ந்தால் அதிகம். கொண்டை போடுகிற நீளம் வர இரண்டு வருஷமாவது வேண்டும். அதுவரை வீட்டு வாடகை யார் கொடுப்பது?

"அக்கா, போன மாசம் எங்க கடை அண்ணன் ஒருத்தரும் மொட்டை போட்டுட்டு வந்தாரு. அவரை யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்று என்னிடம் அழுதாள். கடையில் சொன்ன இன்னொரு யோசனையைக் கேளுங்கள். டோப்பா வாங்கி வைத்துக்கொள்ளலாமாம். திருப்பதியில் சேரும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அதிலிருந்தும் டோப்பாக்கள் தயாராகின்றன. சாமிக்குக் கொடுத்த முடியைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி வா என்கிற கதை! அவள் இப்போது ஒரு தையல் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே தொப்பி போட்டுக்கொண்டால் உள்ளே மொட்டையா ஜடையா என்று யாரும் பார்ப்பதில்லை.

இது நம் ஊர் வழக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் ரெனீ ரோஜர்ஸ் என்ற கறுப்பினப் பெண் விமானக் கம்பெனி ஒன்றில் பயணிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். தம் இனத்து வழக்கப்படி தலையோடு ஒட்டிய சின்னச் சின்னப் பின்னல் போட்டுக்கொண்டதைக் கம்பெனி தடுத்தது. வேலை நேரத்தில் பின்னலை இழுத்துக் கட்டி, மேலே பொய்முடி சுற்றிக்கொள்ளச் சொன்னது. தலைவலி தாங்கவில்லை என்றார் அவர். 1981-ல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி, அப்படியானால் கொஞ்சம் பெரிய பொய்முடியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பாவனையில் எழுதி, வழக்கைக் கம்பெனி பக்கம் முடித்தார். தலைவலிக்கு இப்படி ஒரு வைத்தியம்! அங்கே காலம் மாற நாளாயிற்று. 2019-ல் கலிபோர்னியா மாநிலம் முடியின் தன்மையையும் பின்னலையும் காட்டி வேலை மறுக்கக் கூடாதென்று சட்டம் போட்டது. பிறகு வேறு பல மாநிலங்களும் போட்டன.

அதே 1981-ல் நம் சுப்ரீம் கோர்ட்டில் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கு நடந்தது. நர்கீஸ் மீர்சா வழக்கு என்று பெயர். முதல் தடவை கர்ப்பமானாலே வேலை போய்விடும் என்ற விதியைக் கோர்ட் அடித்துத் தள்ளியது. வேலையில் சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் கூடாது என்பதை மட்டும் விட்டுவைத்துவிட்டது. ஏர் இந்தியா அப்போது அரசாங்கத்தின் கையில் இருந்ததால் அரசியல் சட்டத்தைக் காட்டி வாதாட முடிந்தது. ஜவுளிக் கடை முதலாளிக்கு அந்த வழி நேராகப் பொருந்தாது. அந்த ஏர் இந்தியாவும் இப்போது தனியார் கையில்தான். பணிப்பெண்கள் நரையை மறைத்துச் சாயம் பூசியே ஆக வேண்டும், பொட்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அங்கே விதி வந்ததாக 2023 நவம்பரில் பத்திரிகைகள் எழுதின. வழுக்கை விழும் ஆண்கள் முழுக்க மழித்துக்கொள்ள வேண்டுமாம். மொட்டை ஓரிடத்தில் கட்டளை, ஓரிடத்தில் குற்றம்!

நம் நாட்டில் முடிக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் 'பார்க்க நன்றாயிருக்காது' என்ற பேச்சுக்குச் சட்டம் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. கடைப் பெண்கள் நாள் பூரா நின்றுகொண்டே இருந்ததும் இந்தப் பேச்சால்தானே? வாடிக்கைக்காரர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இராது என்றார்கள். கால் வீங்கி, நரம்பு சுருண்டு, பெண்கள் பொறுத்துப் பார்த்தார்கள். கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் போராடியதன் பலனாகக் கேரளத்தில் 2018-ல் உட்காரும் உரிமை வந்தது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி தர வேண்டும் என்றது. ஸ்டூல் போட்டதால் எந்தக் கடையும் வியாபாரம் படுத்துவிடவில்லை.

இன்னொன்று, ஃபைன். கொண்டை கலைந்தது, வலை இல்லை என்று சம்பளத்தில் பிடிக்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தெந்தக் குற்றத்துக்கு ஃபைன் என்பதற்கு அரசாங்கத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கடையில் ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் பக்கத்தைக் கேட்காமல் போடக் கூடாது. போட்டாலும் அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கு 3 ரூபாய்க்கு மேல் கூடாது. ஒரே மாதிரி வேலைக்கு ஆளெடுப்பதிலும் வேலை நிபந்தனைகளிலும் ஆண், பெண் பேதம் கூடாதென்றும் அதே சட்டம் சொல்கிறது. அண்ணன் மொட்டை ஆகும், தங்கை மொட்டை ஆகாது என்பது இதில் மாட்டும் என்பதுதான் என் கட்சி. புகார் சொல்ல இந்தப் பக்கத்துக்குக் கிருஷ்ணகிரியில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. அத்திப்பள்ளிக் கடை என்றால் கர்நாடகத் தொழிலாளர் துறையிடம்தான் போக வேண்டும். வீடு ஓசூரில் இருக்கிறது என்பது கணக்கில் வராது.

இனி உடம்பு விஷயம். தினமும் பத்து மணி நேரம் முடியை இழுத்துக் கட்டினால் வேர் தளரும். நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும் முதலில் மெலியும். அவிழ்க்கும்போது வலி, வேரடியில் சின்னச் சின்னப் பொரி, இவைதான் முன்னறிவிப்பு. டாக்டர்கள் இதை 'டிராக்‌ஷன் அலோபீசியா' என்பார்கள். அந்தக் கட்டத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்ப வரும். வருஷக்கணக்கில் விட்டால் அந்த இடம் வழுக்கைதான். ஈரத்தலையைக் கட்டாதீர்கள். வகிடை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரப்பர் பேண்டை விட்டுத் துணி சுற்றிய பேண்ட் வாங்குங்கள். வீடு வந்ததும் முதல் வேலையாகக் கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். காப்பி அப்புறம்.

நரைக்குச் சாயம் பூசச் சொன்னால், காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். கறுப்புச் சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற மருந்து சிலருக்கு முகமே வீங்கும்படி ஒவ்வாது. முன்னே ஒத்துக்கொண்டதே என்றும் இருக்க வேண்டாம். பல தடவை பூசிய பிறகும் திடீரென்று ஒவ்வாமல் போகும்.

பிரசவம் ஆகி வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு இது இரட்டைச் சங்கடம். குழந்தை பிறந்து இரண்டு, மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். சீப்பைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். இயற்கைதான், பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் பழையபடி வந்துவிடும். அந்த மாதங்களில் இறுக்கிக் கட்டுவது கொட்டுகிறதைப் பிடித்து இழுக்கிற மாதிரி. டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி, "தளர்ந்த பின்னல்தான் போடுவேன்" என்று கடையில் கொடுங்கள். தனியாகப் போகாமல் உடன் வேலை செய்கிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுங்கள்.