மனை கொடுத்தால் மறுவாழ்வு ஆகிவிடுமா?

தென்கொரியத் தலைநகர் சியோலை ஒட்டியிருக்கும் சொங்நாம், நகரத் திட்டமிடலின் வெற்றிக் கதையாகவே வெளியுலகுக்குத் தெரியும். காகாவோ, என்சிசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் இயங்கும் பாங்யோ வளாகமும், புந்தாங்கின் அடுக்குமாடி வரிசைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அந்த நகரம் பிறந்தது ஓர் அநீதியில். 1960களின் இறுதியில் சோங்கேச்சோன் ஓடைக்கரை உள்ளிட்ட இடங்களிலிருந்த குடிசைகளைச் சியோல் மாநகர நிர்வாகம் இடித்து, அங்கிருந்தவர்களை அன்றைய குவாங்ஜு மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் கொண்டுபோய் இறக்கியது. குடும்பத்துக்கு 20 பியோங், அதாவது சுமார் 66 சதுர மீட்டர் மனை. குடிநீர் இல்லை, கழிப்பிடம் இல்லை, வருவதாகச் சொன்ன ஆலைகளும் போதிய அளவில் வரவில்லை. பிழைக்க வழியின்றிப் பலர் மனை உரிமையை விற்றுவிட்டுச் சியோலுக்கே திரும்பினார்கள். அதை வாங்கியவர்களிடம் நிர்வாகம் பல மடங்கு விலையை ஒரே தவணையில் கேட்டது. 1971 ஆகஸ்ட் 10 அன்று பல்லாயிரம் பேர் வீதியில் திரண்டார்கள். அரசு வாகனங்கள் எரிந்தன. கோரிக்கைகளை ஏற்பதாக நிர்வாகம் அன்றே அறிவித்தது. இரண்டாண்டுகளில் அந்தக் குடியிருப்பு தனி நகரமானது.

வெள்ளத்துக்கும் தீக்கும் இரையாகும் குடிசைகளை அப்படியே விட்டுவைத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் கூரையை மாற்றுவது வேறு, பிழைப்பை அறுப்பது வேறு. அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு வேலைத்தலத்தின் அருகில் இருப்பதே பாதிச் சொத்து. அதைப் பறித்துவிட்டு மனையைத் தருவது இழப்பீடே அல்ல. இன்று நகரம் செழித்துவிட்டதே என்பது அடுத்த வாதம். செழித்தது எந்தப் பகுதி? 1989இல் அறிவிக்கப்பட்ட புந்தாங், அகன்ற சாலைகளும் பூங்காக்களுமாக நடுத்தர வர்க்கத்துக்கென்று தனியே எழுப்பப்பட்டது. குடியேற்றப்பட்டவர்களின் சுஜோங், சுங்வோன் பகுதிகளோ செங்குத்தான சந்துகளிலும் அதே சிறு மனைகளிலும் நெருங்கிக் கிடந்தன. சுரங்க ரயில் எட்டிப் பார்க்கவே கால் நூற்றாண்டு ஆனது. புந்தாங்கின் செல்வத்தைக் காட்டி அன்றைய குடியேற்றத்தை நியாயப்படுத்துவது, பக்கத்து வீட்டு விளைச்சலைத் தன் கணக்கில் எழுதுவதற்குச் சமம்.

சுஜோங், சுங்வோன் அடங்கிய பழைய நகரம் பெற்றதில் பெரும்பகுதி அதன் மக்கள் போராடிப் பெற்றது. 2003இல் அங்கே மருத்துவமனைகள் மூடப்பட்டபோது, பொது மருத்துவமனை கேட்டு ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அந்த இயக்கத்தில் முன்னின்ற வழக்கறிஞர் இ ஜே-மியோங், சிறுவயதில் சொங்நாம் ஆலைகளில் உழைத்தவர். பின்னாளில் நகர மேயராகி, 2025இல் நாட்டின் அதிபரானார். மருத்துவமனை திறக்கப்பட்டது 2020இல். குடியேற்றத் திட்டத்தின் முதல் வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டிய மருத்துவமனை அது.