திரையைக் காட்டி விற்கிறார்கள், சி.டி.யைச் சொல்வதில்லை

நான் மில்லில் எலக்ட்ரிகல் பார்த்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்தாலே போதும், கடை வைத்திருப்பவர், மண்டபம் நடத்துபவர் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "கரண்ட் மானிட்டரிங்குக்கு எந்தக் கம்பெனி சார் நல்லது?" கூடவே மூன்று கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். மூன்றிலும் வண்ண வண்ணமாகத் திரைப்படங்கள். சேமிப்பு இத்தனை சதவீதம் என்று கொட்டை எழுத்து. சி.டி. என்ன கிளாஸ், யார் மாட்டுவார்கள், யார் சரிபார்ப்பார்கள் என்று ஒரு வரி இருக்காது.

மீட்டர் எதையும் சேமிக்காது ஐயா. தெர்மாமீட்டர் வாங்கினால் காய்ச்சல் இறங்குமா?

"சேமிப்பில் பங்கு கொடுத்தால் போதும்" என்று ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள். இதுதான் எனக்கு எரிச்சல். உறவினர் ஒருவரின் ஐந்து மாடி ஜவுளிக்கடையில் இப்படித்தான் போட்டார்கள். ஒரு நாள் பேனலில் ஏதோ வேலை நடந்தது. அடுத்த மாதம் மூன்றாம் மாடி ஏசியின் யூனிட் மூன்றில் ஒரு பங்காக விழுந்தது. கம்பெனி மகிழ்ச்சியோடு தன் பங்குக்குப் பில் அனுப்பியது. ஈ.பி. பில்லோ அசையவே இல்லை. முதலாளியின் சந்தேகம் எலக்ட்ரீஷியன் மேல் விழுந்தது. வேறு எங்கோ லைன் கொடுத்திருக்கிறான் என்றார். பதினெட்டு வருடம் அங்கே உழைத்த மனிதர் அவர்.

போய்ப் பேனலைத் திறந்தால், மூன்று ஃபேஸில் ஒரு சி.டி. தலைகீழாக மாட்டியிருக்கிறது. இரண்டு ஃபேஸைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது மூன்றில் ஒன்றுதானே! திருப்பி மாட்டியதும் பழைய யூனிட் வந்துவிட்டது. அந்த எலக்ட்ரீஷியனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அது தனிக் கதை.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். மெயின் இன்கமரில் அவர்கள் மீட்டரை வைத்து, ஈ.பி. மீட்டரோடு ஒரு மாதம் ஒரே நேரத்தில் ரீடிங் எடுத்து ஒப்பிடட்டும். இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் சொல்லட்டும். இதற்குத் தயங்குகிற கம்பெனியின் செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது டிமாண்ட். நம் ஊர் ஹெச்.டி. இணைப்பில், மாதத்தில் எந்த 15 நிமிடச் சராசரி கே.வி.ஏ. உச்சமோ அதற்குத்தான் டிமாண்ட் சார்ஜ். அது ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் 90 சதவீதத்துக்குக் கட்டியாக வேண்டும். 200 கே.வி.ஏ. வாங்கியவர் பாடுபட்டு 150க்குக் கொண்டுவந்தாலும் பில் 180க்குத்தான். ஒப்பந்த டிமாண்டைக் குறைக்க மனு போட்டால்தான் காசு மிஞ்சும். இதை வாய்விட்டுச் சொன்ன ஒரு விற்பனைப் பிரதிநிதியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொன்று. கரண்ட் போய் வந்ததும் எல்லா ஏசியும் லிஃப்டும் ஒன்றாகக் கிளம்பும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை தகவல் அனுப்பும் கருவி, உச்சம் பதிவான பிறகுதான் மணி அடிக்கும். பிணம் போன பிறகு வைத்தியர் வந்த மாதிரி! நிமிடத்துக்கு ஒரு முறை ரீடிங் வர வேண்டும், ஐந்தாம் நிமிடமே எச்சரிக்கை வர வேண்டும், அது முதலாளியின் ஃபோனுக்கு மட்டுமல்ல, சுவிட்சை அணைக்கக்கூடிய ஆளின் ஃபோனுக்கும் போக வேண்டும்.

"இப்போதெல்லாம் எல்லாம் க்ளவுட் சார்" என்பார்கள். இருக்கட்டும். இணையம் அறுந்தால் கருவி எத்தனை நாள் கணக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்? சந்தாவை நிறுத்தினால் பழைய ரீடிங்கை எக்செல் கோப்பாகத் தருவார்களா? மீட்டரின் மோட்பஸ் முகவரிப் பட்டியலைக் கொடுப்பார்களா? அது இல்லாமல் நாளைக்கு வேறு ஆள் வந்து அதே மீட்டரைப் படிக்கச் சிரமப்படுவார், நீங்கள் மறுபடியும் முழுச் செலவு செய்வீர்கள். இந்த மூன்றையும் வாய்ப்பேச்சாக விடாமல் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.