மாவட்டச் சராசரிக்குள் காணாமல் போகும் தெரு

நாங்குநேரி என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2023 ஆகஸ்ட். 12ஆம் வகுப்பு படித்த தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அரசின் கோப்புகளில் நாங்குநேரிக்கு வேறொரு பெயர் இருந்தது: தென் மாவட்டங்களின் எதிர்காலம்.

1990களில் தென் மாவட்டங்கள் சாதி வன்முறையில் எரிந்தபோது, நீதிபதி இரத்தினவேல் பாண்டியன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. தொழில் இல்லை, வேலை இல்லை, அதனால் இளைஞர்கள் சாதிச் சண்டைக்குப் போகிறார்கள், தொழிற்சாலை வந்தால் அரிவாள் கீழே விழும் என்பதே அந்தக் குழுவையொட்டி உருவான அரசியல் புரிதல். அந்தப் புரிதலின் அடையாளமாகத்தான் நாங்குநேரியில் சுமார் 2,500 ஏக்கரில் தொழில் பூங்கா என்றார்கள், பிறகு சிறப்புப் பொருளாதார மண்டலம் என்றார்கள். ஆட்சிகள் மாறி மாறி வந்தன. எதிர்பார்த்த தொழிற்சாலைகள் மட்டும் வரவில்லை. அந்தப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது பிறந்தேயிராத பிள்ளைகள் அதே நாங்குநேரியில் வளர்ந்து, கையில் சாதிக் கயிறு கட்டி, அரிவாள் தூக்கினார்கள். மறுபடியும் ஒரு குழு, இந்த முறை நீதிபதி சந்துரு தலைமையில். 2024 ஜூனில் அறிக்கையும் வந்துவிட்டது.

சரி, தொழிற்சாலை வந்திருந்தால்? இப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. கங்கைகொண்டானில் டாடாவின் சூரியத் தகடு ஆலை. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட் 4 அன்று வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறப்பு. அதற்கு எட்டு நாள் முன்பு பாளையங்கோட்டையில், சென்னையில் நல்ல சம்பளத்தில் வேலை பார்த்த தலித் மென்பொருள் பொறியாளர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆதிக்க சாதிப் பெண்ணோடு பழகினார் என்பதே காரணம் என்று வழக்கு. படி, வேலைக்குப் போ, சம்பாதி என்று வளர்ச்சித் திட்டம் சொன்ன அத்தனையையும் செய்து முடித்தவர் அவர்.

இதை வைத்துத் தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேண்டும், நிறைய வேண்டும். கேள்வி வேறு. ஒரு வட்டாரத்தை வளர்க்கிறோம் என்று திட்டம் போடும் அரசு, அந்த வளர்ச்சி நடக்கிறதா என்று எதை அளந்து பார்க்கிறது?

இன்றைக்கு இந்தியாவில் பெரிதாகப் பேசப்படும் அளவுகோல் நிதி ஆயோக்குடையது. 2018 ஜனவரியில் தொடங்கிய 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தில் நாடு முழுவதும் 112 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் இரண்டு: விருதுநகர், இராமநாதபுரம். 1957 முதுகுளத்தூர் கலவரம் நடந்த மண் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 49 குறியீடுகள். மதிப்பெண்ணில் நலவாழ்வுக்கும் ஊட்டச்சத்துக்கும் 30 விழுக்காடு, கல்விக்கு 30, வேளாண்மைக்கும் நீருக்கும் 20, மீதி நிதிச் சேவை, திறன் பயிற்சி, உள்கட்டமைப்புக்கு. மாதாமாதம் எந்த மாவட்டம் வேகமாக முன்னேறியது என்று தரவரிசை போடுகிறார்கள். ஆட்சியர்கள் ஓடி ஓடி வேலை செய்கிறார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 49 குறியீடுகளும் மாவட்டம் முழுமைக்கும் ஒரே எண்ணாகவே வெளிவருகின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்று வாழும் ஒரு மாவட்டத்துக்கு ஒரே எண்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊராட்சியில் 500 வீடுகள். ஊரில் 400, காலனியில் 100. குடிநீர்க் குழாய் ஊரின் 400 வீடுகளுக்கும் போய்விட்டது, காலனியில் ஒரு வீட்டுக்குக்கூட இல்லை. அறிக்கையில் என்ன வரும்? 80 விழுக்காடு இலக்கு நிறைவு. கைதட்டலுக்குரிய எண். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அதாவது, ஒரு தலித் வீட்டைக்கூடத் தொடாமல் இந்த மாநிலத்தில் 80 விழுக்காடு சாதனையைக் காட்ட முடியும். தரவரிசை வேகத்துக்குத்தான் பரிசு தருகிறது என்றால், அதிகாரி முதலில் எங்கே போவார்? சாலை இருக்கிற, யாரும் தடுக்காத, சீக்கிரம் முடிகிற தெருவுக்கு. காலனிக்குக் குழாய் கொண்டுபோக யாருடைய நிலத்தைத் தோண்ட வேண்டும், யார் வந்து மறிப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். அந்த வேலை கடைசிக்குப் போகும். கடைசி என்பது பெரும்பாலும் அடுத்த திட்டம்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மேல்நிலைத் தொட்டி இருந்தது, குழாய் இருந்தது. எந்தக் கண்காணிப்புப் படிவத்திலும் அந்தக் குடியிருப்பு 'நிறைவு' என்றுதான் இருந்திருக்கும். 2022 டிசம்பரில் அந்தத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அந்த வழக்கும், பாதிக்கப்பட்ட தெருவைச் சேர்ந்தவர்கள் மீதே குற்றப்பத்திரிகை போட்ட கதையும் தனியாக எழுத வேண்டியவை. நம் பேச்சுக்கு இவ்வளவு போதும்: தொட்டியை எண்ணுகிற அரசு, அதில் வருகிற தண்ணீரை அந்த மக்கள் நம்பிக் குடிக்க முடிகிறதா என்று கேட்பதில்லை.

பணத்தின் கதையும் இதேதான். 1979-80இல் பி.எஸ். கிருஷ்ணன் போன்ற அதிகாரிகளின் முயற்சியால் சிறப்பு உட்கூறுத் திட்டம் வந்தது. மக்கள்தொகை விழுக்காட்டுக்குக் குறையாத நிதி தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்கினார்கள், ஏட்டில். ஒரு பொதுச் சாலை போட்டால் அதில் தலித்துகளும் நடப்பார்கள் அல்லவா, ஆகவே செலவில் 20 விழுக்காடு அவர்கள் கணக்கில் என்று எழுதிக்கொள்வது ஒரு கலையாகவே வளர்ந்தது. கர்நாடகம் 2013இல் தனிச் சட்டம் கொண்டுவந்தபோது, அதிலேயே இந்தக் கலைக்கு 7(டி) என்று ஒரு பிரிவை வைத்துவிட்டது. அதை நீக்கப் பத்து ஆண்டு போராட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 2024 பிப்ரவரியில்தான் நிறைவேறியது. தலித் இயக்கங்கள் நெடுங்காலம் கேட்டு வாங்கிய சட்டம் அது, வரவேற்போம். ஆனால் அதன் ஆண்டறிக்கையும் துறைவாரியாக, மாவட்டவாரியாக மட்டுமே பேசினால் பழைய கதைதான்.

எனவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: குக்கிராமவாரிக் கணக்கு. ஊராட்சி, மாவட்டச் சராசரிகள் போதாது. ஒவ்வொரு குக்கிராமத்துக்கும், அதில் ஆதிதிராவிடர் குடியிருப்புக்குத் தனியாக, குழாய் எத்தனை, பட்டா எத்தனை, மயானத்துக்குப் பாதை உண்டா, புதிய ஆலையில் வேலைக்குப் போனவர் எத்தனை பேர் என்ற பட்டியல். இது முடியாத காரியம் அல்ல. வீட்டுவாரிப் பட்டியல்கள் ஒன்றிய அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. தொகுக்கும்போதுதான் தெரு மறைகிறது.

இந்த இடத்தில் ஓர் உறுத்தல். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவாகிப்போன சொல், போகட்டும். சொல்லோடு சேர்ந்து அந்தத் தெருவுக்கான தனிக் கணக்கும் போய்விட்டால், அடுத்த முறை நாம் எதைக் காட்டி வாதாடுவது?

கண்காணிப்பவர் யார் என்பதும் இருக்கிறது. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் கொன்றது, ஒரு தலித் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடக்கூடாது என்பதற்காகத்தான். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்காரவைத்தார்கள். வேலை முடிந்தது என்று சான்று தர வேண்டியவருக்கே நாற்காலி இல்லாத ஊரில் 'நிறைவு' என்ற முத்திரைக்கு என்ன பொருள்?

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சுழற்சி முறையில் எல்லாக் குக்கிராமங்களிலும் நடத்த வேண்டும் என்பது அரசே சொல்லும் முறை. வெளியூரில் படிக்கிற, வேலை பார்க்கிற தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நாள்களும் இவற்றில் உண்டு. போகும்போது ஒரு மாதத்துக்கும் முன்பே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுவிட்டுப் போங்கள்: நம் ஊராட்சியில் கடந்த ஐந்து ஆண்டுகளில் கிராம சபை எந்தெந்த இடத்தில் கூடியது, அதில் நம் தெருவில் எத்தனை முறை?