மொரப்பூர்ல 'சைலன்ட் நைட்'டும் குறுக்க வந்த கூட்ஸ் வண்டியும்

எங்க ஊர் மொரப்பூர் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு தெரியும். இங்க ராத்திரி அமைதியா இருக்காது. ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதையில இருக்கிற ஊர். எங்க வீட்ல இருந்து ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். இப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துக்கிட்டு 'சைலன்ட் நைட்' பாட்டை வீட்லயே ரெக்கார்ட் பண்ணணும்னு எனக்கு ஒரு ஆசை. (சிரிக்காதீங்க மக்களே!)

மேட்டர் இதுதான். தமிழ்ல 'ஒப்பில்லா திரு இரா'ன்னு பாடுவாங்களே, போன வருஷம் அதை அம்மாவை ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போய் பாட வெச்சேன். நெட்ல இறக்கின கரோக்கி டிராக், அது மேல அம்மா குரல். ஸ்டூடியோக்காரர் ஆட்டோட்யூன், எக்கோ எல்லாம் போட்டு இழைச்சுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெருமையா போட்டுக் காட்டினேன். அம்மா முழுசா கேட்டுட்டு, "நல்லா இருக்கு கண்ணு, யாரு பாடறது?"ன்னாங்க.

கிண்டல் இல்லைங்க, நிஜமாவே கேட்டாங்க. வயசு எழுபத்தி மூணு. வருஷா வருஷம் குரல் இறங்கிட்டே வருது. இருக்கிற குரலைப் பிடிச்சு வைக்கத்தான் போனேன். போய் அதைத் துடைச்சுட்டு வந்திருக்கேன்.

அதனால இந்த வருஷம் வீட்லயேன்னு முடிவு பண்ணியாச்சு. செல்போன், பழைய கீபோர்ட், ஒரு டோலக். அவ்வளவுதான் சாமான்.

முதல் சிக்கல் சுருதி. இந்தப் பாட்டு கேட்க லேசு, பாடினாத்தான் கஷ்டம் தெரியும். ஸ்வரமா எழுதிப் பாருங்க, சங்கராபரணத்தோட ஏழு ஸ்வரமும் வந்துடும். அதோட மேல் ஸட்ஜமத்தையும் தாண்டி மத்யமம் வரைக்கும் போகும். கரோக்கி டிராக் எந்த சுருதியில இருக்கோ, பாடறவங்கதான் அதுக்கு ஏறணும். அம்மாவுக்கு எட்டாத அந்த இடத்தைத்தான் மெஷின் இழுத்துப் பிடிச்சு உக்கார வெச்சிருந்தது. வீட்ல கீபோர்டை ரெண்டு கட்டையில இருந்து கீழ் ஆறு கட்டைக்கு இறக்கினோம். பிரச்சனை தீர்ந்தது. பாட்டு ஆளுக்காக இறங்கி வரணும், ஆளைப் பாட்டுக்காக இழுக்கக் கூடாது.

ரெண்டாவது தாளம். தம்பி பொண்ணு கீபோர்ட், நான் டோலக். மெதுவா திஸ்ர நடை போட்டா கும்மி மாதிரி ஒரு அசைவு வருது. ஒத்திகையைக் கேட்ட மாமா, "இங்கிலீஷ் பாட்டை ஏன்டா கும்மி ஆக்கறே?"ன்னார்.

மாமா, அது இங்கிலீஷ் பாட்டே கிடையாது! ஆஸ்திரியாவுல, சால்ஸ்பர்க் பக்கத்துல ஓபர்ன்டார்ஃப்னு ஒரு சின்ன ஊர். அங்க உதவிப் பாதிரியாரா இருந்த ஜோசப் மோர் ஜெர்மன்ல எழுதினது. பக்கத்து ஊர் பள்ளிக்கூட வாத்தியார் ஃபிரான்ஸ் க்ரூபர் மெட்டு போட்டார். 1818 டிசம்பர் 24 ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்து பாடினாங்க. மோர் கையில ஒரு கிதார், அவ்வளவுதான் வாத்தியம். மோர் கைப்பட எழுதின பிரதி 1995-ல கிடைச்சது. அதுல தாளம் 6/8. அதாவது நம்ம கும்மிக்குத் தூரத்துச் சொந்தம். இப்ப நாம கேட்கிற இழுவை பின்னாடி வந்தது. பாட்டு பொறந்ததே கையில கிடைச்சதை வெச்சுத்தான். அப்புறம் எங்க டோலக் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) கிறிஸ்தவப் பாட்டுகளை நம்ம ராகத்துல கட்டின நாடு இது.

இன்னொரு விஷயம். மோர் 1848-லயும் க்ரூபர் 1863-லயும் போயாச்சு. மூல மெட்டுக்கு இப்ப காப்புரிமை இல்லை, எப்படி வேணா வாசிக்கலாம். ஆனா நெட்ல இறக்கற கரோக்கி டிராக்குக்கு ஓனர் இருப்பார். நாளைக்கு வீடியோவா ஏத்தினா அவர் வந்து நிப்பார். சொந்த டோலக்குக்கு அந்த வம்பு இல்லை.

ஸ்டூடியோவே வேண்டாம்னு சொல்ல வரலை. விக்கற பாட்டுக்கு, மேடைப் பாட்டுக்கு அது வேணும். வீட்டு ஆளோட குரலைப் பிடிச்சு வைக்க வேண்டாம்ங்கிறதுதான் என் கட்சி.

ரெக்கார்டிங் அன்னிக்கு ஃபேனை நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, போனை அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி வெச்சோம். டோலக்கோட நான் ரூமோட அந்த மூலையில. (இல்லைன்னா டோலக் மட்டும்தான் கேட்கும்.) மூணாவது தடவை அருமையா வந்துட்டு இருந்தது. கடைசி வரிக்கு முன்னாடி கூட்ஸ் வண்டி ஹார்ன் அடிச்சான் பாருங்க... அம்மா நிறுத்திட்டு, சிரிச்சுட்டு, வண்டி போனதும் விட்ட இடத்துல இருந்து எடுத்தாங்க. சுருதி பிசகலை.

எடிட் பண்ணினா ரெண்டு நிமிஷத்துல அதை வெட்டிடலாம். வெட்டலை. அம்மா சிரிப்பும் அதுலதான் இருக்கு.

போட்டுக் காட்டினேன். இந்தத் தடவை யாருன்னு கேட்கலை. "அய்யோ, ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்குது பாரு, இன்னொரு தடவை பாடறேன்"னாங்க.

பி.கு: உங்க வீட்லயும் பாடற ஆள் யாராவது இருப்பாங்க. நல்ல மைக் வாங்கின பிறகு பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. மைக் அடுத்த வருஷமும் கிடைக்கும்.