விட்டுப்போன பெயர்

இரத்த அழுத்தத்தை அளப்பது ஒரு காலத்தில் வைத்தியர்களுக்கே உரிய வித்தையாக இருந்தது. கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, நாடியின் ஓசையைக் குழாய் வைத்துக் கேட்கும் முறையை 1905-ம் ஆண்டில் ருஷ்ய டாக்டர் கொரோட்காஃப் வெளியிட்டார். இன்றோ, டிஜிட்டல் யந்திரம் பொத்தானை அமுக்கியதும் தானே காற்றடித்துத் தானே கணக்கும் சொல்கிறது. சொன்னதைக் கைபேசியிலும் குறித்து வைத்துவிடுகிறது.

சென்ற ஆண்டில் என் தகப்பனாருக்காக அப்படி ஒன்று வாங்கினேன். ஒரு வாரத்திற்குள் வீடு முழுவதற்கும் அதன்மேல் மோகம் பிறந்துவிட்டது. தாயார், மகன், மகள், நான் எல்லோரும் அளந்துகொண்டோம். அடுத்த வீட்டுக்காரர்கூடக் காப்பி சாப்பிட்ட கையோடு வந்து கையை நீட்டினார். கைபேசியில் ஆளுக்கொரு பக்கம். பள்ளிக்கூடத்து ஆஜர்ப் பட்டியலைப்போல் நேர்த்தியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அதைப் பார்த்த என் மகள், "அப்பா, அம்மா பெயரைக் காணோமே?" என்றாள்.

இருபது வருஷமாக வகுப்பில் பெயர் கூப்பிடுகிறவன் நான். எனக்கு வெட்கமாகிவிட்டது. "எனக்கு என்ன கேடு?" என்று சிரித்த மனைவியை வற்புறுத்தி உட்காரவைத்தோம். மேல் அளவு 160-ஐத் தாண்டி நின்றது! ஏழு நாள் காலையும் மாலையும் அளந்து, அந்தக் கணக்கோடு வைத்தியரிடம் சென்றோம். இப்பொழுது மருந்தும் உப்புக் குறைந்த சாப்பாடுமாக, அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது.

இந்த நோய் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை, அளந்தே அறியவேண்டும். அளப்பதற்கும் முறை உண்டு. அரைமணி முன்பிருந்தே காப்பியும் புகையும் கூடா. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிஷம் சும்மா இருக்கவேண்டும். பட்டை கட்டிய மேற்கை இருதய மட்டத்தில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். ஒரு நிமிஷ இடைவெளியில் இருமுறை அளக்கவும். வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 135/85-ஐ எட்டினால் வைத்தியரைக் காணுங்கள். நேரில் செல்ல இயலாதவர்கள் வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் பேசுவதற்கு, 2020 ஏப்ரலில் இந்திய சர்க்கார் ஈ-சஞ்சீவனி என்னும் வசதியைத் தொடங்கியது. யந்திரத்தை நம்பி மருந்தைத் தாமே கூட்டுவதும் நிறுத்துவதும் தவறு.

யந்திரம், நாம் நீட்டிய கையைத்தான் அளக்கும். நீட்டாத கை யாருடையது என்று சொல்லாது. நேயர்களே! இன்று மாலை உங்கள் வீட்டில் அளக்கும்பொழுது, சமையலறையில் இருப்பவரை முதலில் கூப்பிடுங்கள்.