வீட்டில் கேட்கும் நாய் ரோட்டிலும் கேட்குமா?



தங்கை மகன் வளர்க்கும் பார்டர் கோலி நாய், கயிற்றை அவிழ்த்ததும் பைக்கை விரட்டி மெயின் ரோட்டுக்கே ஓடிவிட்டது. பஸ்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தது. திரும்பி வந்ததும் இவன் அடித்தான். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆடு மேய்க்கும் இனம் அது. ஓடுவதை மடக்குவது பிறவிக் குணம். வீட்டில் ஒப்பித்த வாய்ப்பாட்டை இன்ஸ்பெக்டர் முன்னால் மறந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நாயும் அப்படித்தான். முதலில் வீடு, அப்புறம் மொட்டை மாடி, பிறகு நீளக் கயிற்றோடு மைதானம், கடைசியாகத்தான் ரோட்டுக்குத் தள்ளி நின்று பழக்க வேண்டும். கூப்பிட்டு வந்தால் கறித்துண்டு கொடுங்கள். தாமதமாக வந்தாலும் அடிக்காதீர்கள். வந்ததற்குத்தான் அடி என்று நினைத்துக்கொள்ளும்.

எவ்வளவு பழகினாலும் ரோட்டோரம் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. மருமகனே, கோபித்துக்கொள்ளாதே, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.