கூட்டவா, குறைக்கவா?



சென்ற மாதம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். குழித்தறியில் கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. பேச்சுக்கு நடுவே பெரியவரின் கால் மிதியில் நின்றது. பாவின் மேல் உள்ளங்கையை ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்தி, அறுந்த இழையை எடுத்து முடிந்தார். மூக்குக்கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது.

அவர் தம்பிக்கு ஈரலில் புற்றுநோய். காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனையில் பார்க்கிறார்கள். பழைய ஹெபடைடிஸ் பி கிருமிதான் காரணமாம். "தம்பிக்கு எதிர்ப்பு சக்தி கூடுற மாதிரி ஏதாவது டானிக் வாங்கிக் குடுக்கலாமா சார்?" என்றார். அப்போது பதில் வரவில்லை. ஊருக்குத் திரும்பிப் படித்துப் பார்த்தேன்.

பெரியவரின் உள்ளங்கை செய்கிற வேலையை நம் செல்களில் பிறவியிலேயே அமைந்த சில ஏற்பிகள் செய்கின்றன. இன்ன கிருமி என்று பெயர் தெரியத் தேவையில்லை. தொட்டால் 'இது நம் இழை இல்லை' என்று தெரிந்துவிடும். இவற்றில் பேர்பெற்றவை 'டோல்' வகை. 1996இல் ழூல் ஹாஃப்மன் குழு பழ ஈயில் டோல் மரபணுவைப் பழுதாக்கியபோது, அந்த ஈக்கள் பூஞ்சையை எதிர்க்க முடியாமல் செத்தன. 1998இல் புரூஸ் பாய்ட்லர் எலியில் அதன் உறவுக்காரனைக் கண்டார்: டிஎல்ஆர்-4. இருவருக்கும் 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் வழியாக வருவது. குடல் பாக்டீரியாவின் துணுக்குகளும் கூடவே வரும். நல்ல ஈரல் அவற்றைச் சலித்துவிட்டுச் சும்மா இருக்கும். குடியோ கொழுப்போ நாள்பட்ட ஹெபடைடிஸ் கிருமியோ ஈரலைக் கெடுத்துவிட்டால், குடல் சுவர் கசியும். டிஎல்ஆர்-4 ஓயாமல் கூச்சல் போடும். அழற்சி, தழும்பு, கடைசியில் கட்டி. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டிஎல்ஆர்-4 இல்லாத எலிகளுக்கு ஈரல் கட்டிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அப்படியானால் அந்த ஏற்பியை அடக்குவதுதான் மருந்தா? அவசரப்படக் கூடாது. அதே குடும்பத்து டிஎல்ஆர்-7ஐத் தட்டி எழுப்பும் இமிக்விமாட் களிம்பு ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு ஏற்கெனவே பயன்படுகிறது. ஒன்றை உறங்க வைக்க வேண்டும், இன்னொன்றை எழுப்ப வேண்டும், அதுவும் வேளை பார்த்து. ஈரல் புற்றுக்கு இந்த வழியில் ஆராய்ச்சி நடக்கிறது. அன்றாட சிகிச்சைக்கு மருந்து இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே 'எதிர்ப்பு சக்தி கூட்டும்' என்று லேபிள் ஒட்டிய பாட்டிலைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எதைக் கூட்டும்?

கீழாநெல்லி என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் அதை முறையாகவே சோதித்தார். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்த புளூம்பெர்க்கும் அந்த ஆய்வில் கூட்டு. 1988இல் 'லான்செட்' இதழில் வந்தது: கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 59 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் பாட்டி வைத்தியத்தைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோன அந்தத் துணிச்சல் பெரிது.

கைமேல் பலன் தந்தது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. தைவான் 1984இல் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அங்கே சிறுவர்களின் ஈரல் புற்று குறைந்தது.

போன வாரம் பெரியவருக்குப் போன் செய்தேன். டாக்டரைக் கேட்காமல் டானிக் வேண்டாம் என்றேன். வீட்டில் எல்லோரும் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். மருமகள் மாசமாக இருக்கிறாள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும் என்றேன்.

"அதுக்கு எவ்ளோ ஆவும் சார்?"

"அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாதுங்க."

"அப்ப போட்டுடலாம்" என்றார். பின்னாலே தறிச் சத்தம் மறுபடி கேட்டது.